ஒன்பது வெற்றி, அழைப்பில்லை: 1951-இன் சான் பிரான்சிஸ்கோ டான்ஸ்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ‘டான்ஸ்’ (Dons) என்று பெயர். அது 1951 பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது. புத்தாண்டையொட்டி நடக்கும் பெரிய ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றிலிருந்துகூட அந்த அணிக்கு அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்த கையோடு கல்லூரி நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது.

அமெரிக்காவில் இதை வழக்கமாக ஒரே மூச்சில் சொல்வார்கள். அணியில் இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அவர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று, இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து சேதி வந்தது, அணி மறுத்தது, பவுல் வருமானம் போனது, அதனால் அணி மூடப்பட்டது. மறுத்தது வரைக்கும் உள்ளதை நான் அப்படியே ஏற்கிறேன். அதற்குப் பிறகு வருகிற அந்த ‘அதனால்’ மட்டும் நிற்குமா என்று பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை.

விளையாட்டைப் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். இது காலால் ஆடும் கால்பந்து அல்ல. பக்கத்துக்குப் பதினொரு பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியோ எறிந்தோ எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதையடுத்துக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. டச்டவுன் இல்லாமல் ஆட்டத்தின் நடுவே கம்பத்துக்குள் உதைத்தால் அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்து வைத்திருக்கும் அணி தன் எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அதற்கு சேஃப்டி என்று பெயர். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பவுல் ஆட்டங்களைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கல்லூரி ஃபுட்பாலுக்கு நாடு தழுவிய இறுதிச்சுற்று என்று ஒன்று கிடையாது. பருவம் முடிந்ததும், குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும் சில ஊர்கள் இரண்டு அணிகளை அழைத்து ஓர் ஆட்டம் நடத்தின. மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், டாலஸில் காட்டன் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல், கலிபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பவுல். யாரை அழைப்பது என்பதை முடிவு செய்தது உள்ளூர்ப் பிரமுகர்களும் வணிகர்களும் சேர்ந்த குழு. ஹோட்டல் நிரம்ப வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும், ஊர்ப் பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கக் கூடாது. அவர்களுடைய அளவுகோல் அதுதான். முதல் இடத்தில் இருக்கும் அணிக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855-இல் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. சென்னை லயோலாவையும் திருச்சி புனித வளனார் கல்லூரியையும் நடத்தும் அதே சபை. 1951-இல் அங்கே படித்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். சொந்த ஸ்டேடியம் கிடையாது. கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தில் இருந்த நகரசபையின் கெசார் ஸ்டேடியத்தில்தான் ஆட வேண்டும். அது ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் உட்காரும் இடம். டான்ஸ் ஆடும்போது பெரும்பாலான இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன.

ஜோ குஹாரிச் 1948-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நோட்ர டாம் அணியில் ஆடியவர், கறாரான ஆள். முதல் ஆண்டில் 2 வெற்றி, 7 தோல்வி. அடுத்த ஆண்டு 7 வெற்றி, 3 தோல்வி. 1950-இல் 7 வெற்றி, 4 தோல்வி. இந்த ஏற்றத்துக்குக் காரணம் அவருடைய கண்டிப்பு மட்டுமில்லை, அவருக்குக் கிடைத்த ஆட்களும்தான். போர் முடிந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944-இல் வந்திருந்தது. அதனால் நாற்பதுகளின் கடைசியில் கல்லூரி மைதானங்களில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது முன்னாள் சிப்பாய்கள் நிறையப் பேர். ஜீனோ மார்கெட்டி அப்படி வந்தவர். இத்தாலியக் குடியேறிகளின் மகன். பதின்ம வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளை எதிர்த்து நடந்த பல்ஜ் சண்டையில் நின்றவர். ஊர் திரும்பி, மொடெஸ்டோ ஜூனியர் கல்லூரி வழியாக இங்கே வந்து சேர்ந்தார். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஹார்லி டேவிட்சனில் வந்து இறங்கியவரைப் பார்த்து குஹாரிச் முகம் சுளித்தார் என்று சொல்வார்கள். எதிரணித் தாக்குதல் வரிசையை உடைப்பதில் அவருக்கு ஈடு அந்த நாளில் குறைவு.

ஆலி மேட்சன் டெக்சாஸில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். உயரம், எடை, வேகம் மூன்றும் ஒரே உடம்பில் அமைந்திருந்தன. பர்ல் டோலர் டென்னசியின் மெம்ஃபிஸிலிருந்து வந்தவர். தற்காப்பு வரிசையில் ஆடினார். இருவரும் 1948-இல் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் சேர்ந்து ஆடினார்கள். அந்த அணியும் அந்த ஆண்டு தோல்வியே காணவில்லை. அங்கிருந்து இருவரும் சேர்ந்தே டான்ஸுக்கு வந்தார்கள். 1951 அணியில் கறுப்பினத்தவர் இந்த இருவர் மட்டும்தான்.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எட் பிரவுன். ஆறடி ஒன்பது அங்குல உயரத்தில் பாப் செயின்ட் கிளேர். உள்ளூர்ப் பையன், பச்சை இறைச்சி தின்பார். அப்புறம், மைதானத்தில் இறங்காத ஓர் ஆள்: பீட் ரோசெல். 1950-இல் அங்கேயே பட்டம் வாங்கி, விளையாட்டுத் துறையின் செய்தித் தொடர்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது 25. பத்திரிகைக்காரர்களுக்கு டான்ஸ் என்றொரு அணி இருப்பதையே நினைவுபடுத்திக்கொண்டிருப்பது அவர் வேலை. பின்னாளில் 1960 முதல் 1989 வரை தொழில்முறை ஃபுட்பாலின், அதாவது என்எஃப்எல்லின், கமிஷனராக இருந்தவர் இவர்தான்.

கோடையில் குஹாரிச் எல்லோரையும் வடக்கு கலிபோர்னியாவில் கார்னிங் என்ற சின்ன ஊருக்கு ஓட்டிப்போனார். ஆலிவ் தோப்புகள் நிறைந்த, வெயில் கொளுத்தும் ஊர். அங்கே கொடுத்த பயிற்சியைப் பற்றி ஆட்டக்காரர்கள் கிழவர்களான பிறகும் பேசினார்கள்.

பருவம் தொடங்கியது. சான் ஹோசே ஸ்டேட் 39–2. ஐடஹோ 28–7. கேம்ப் பெண்டில்டன் மரீன் படைத்தளத்தின் அணி 26–0. மறுபடியும் சான் ஹோசே, இந்தத் தடவை 42–7. பிறகு கிழக்கே போய் நியூயார்க்கில் ஃபோர்டம் 32–26. திரும்பி வந்து சான் டியாகோ கடற்படைப் பயிற்சித் தளம் 26–7, சாந்தா கிளாரா 26–7, பசிபிக் 47–14, கடைசியாக லாஸ் ஏஞ்சலஸின் லயோலா 20–2. கூட்டிப் பார்த்தால் 286–72. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 32–8. இரண்டு ஆட்டங்களில் எதிரணியின் கணக்கு வெறும் 2, அதாவது ஒரு சேஃப்டி. அந்த இரண்டு ஆட்டங்களிலும் சான் ஹோசேயும் லயோலாவும் டான்ஸின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோகவே இல்லை, ஒரு ஃபீல்டு கோல்கூட உதைக்கவில்லை. டான்ஸ் தன் பின்வாசலில் ஒருமுறை மாட்டிக்கொண்டதால் கிடைத்த புள்ளிகள் அவை.

ஃபோர்டம் ஆட்டம்தான் எல்லாவற்றிலும் நெருக்கமானது. ரோசெல்லுக்கு அதுதான் முக்கியமான ஆட்டமும்கூட. நியூயார்க் பத்திரிகைகள் எழுதினால்தான் நாடு படிக்கும். மேட்சன் கைவிடவில்லை. எதிரணி உதைத்து அனுப்பும் கிக்ஆஃப் பந்தைப் பிடித்து, 90 யார்டும் அதற்கு மேலும் ஓடி இரண்டு முறை டச்டவுன் போட்டார். ஒரே ஆட்டத்தில் ஒரு தடவை இப்படி நடந்தாலே வாரம் முழுக்கப் பேசுவார்கள். பருவ முடிவில் ஓட்டத்தில் 1,566 யார்டு, 21 டச்டவுன். இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். அப்படியும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். மேற்குக் கரைச் சிறு கல்லூரி, கறுப்பினத்தவர். இந்த இரண்டில் எது அவரை அதிகம் கீழே இழுத்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அந்த அக்டோபரின் சூழலையும் சொல்ல வேண்டும். 20-ஆம் தேதி ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் ஜானி பிரைட்டை, கையில் பந்தே இல்லாத நேரத்தில், எதிரணி ஆள் முகத்தில் அடித்துத் தாடையை உடைத்தார். டி மாயின் நாளிதழின் இரண்டு படப்பிடிப்பாளர்கள் அதைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்திருந்தார்கள். மறுவருடம் அந்தப் படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கறுப்பின ஆட்டக்காரரைத் தெற்கே கூட்டிப்போவது பற்றி அன்றைக்குப் பேசியவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பேசினார்கள்.

நவம்பர் 17-ஆம் தேதி ஸ்டாக்டனில் பசிபிக் கல்லூரியுடன் நடந்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு தேர்வு மாதிரி. பசிபிக்குக்கும் பவுல் ஆசை இருந்தது. டான்ஸ் அதை 33 புள்ளி வித்தியாசத்தில் சாய்த்தது. அடுத்த வாரம் லயோலாவுடன் நடந்த ஆட்டம் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில். அந்த மைதானத்தில் ஆட இவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அவ்வளவுதான்; புத்தாண்டு ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு இவர்கள் போக வழியே இல்லை. கல்லூரிகள் தங்களுக்குள் ஆடச் சேர்ந்து அமைத்துக்கொள்வது கூட்டமைப்பு. 1947 முதல் ரோஸ் பவுல் பசிபிக் கரைக் கூட்டமைப்புக்கும் பிக் டென் கூட்டமைப்புக்கும் மட்டும் என்று ஒப்பந்தம். டான்ஸ் எந்தக் கூட்டமைப்பிலும் சேராத அணி. டாலஸின் காட்டன் பவுலில் ஒரு பக்கம் தென்மேற்குக் கூட்டமைப்பின் வெற்றியாளருக்கு ஒதுக்கப்பட்டது. ஆக, இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கக்கூடிய பவுல்கள் ஆரஞ்சு, சுகர், கேட்டர். மூன்றும் தெற்கே.

மூன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஆரஞ்சு பவுல் ஜார்ஜியா டெக்கையும் பேலரையும் எடுத்தது. சுகர் பவுல் மேரிலாண்டையும் டென்னசியையும் எடுத்தது. கேட்டர் பவுலில் மயாமியும் கிளெம்சனும்.

குழுக்களின் தரப்பில் வெளியே சொல்லப்பட்ட காரணம்: டான்ஸ் ஆடிய எதிரணிகள் பலமானவை இல்லை. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒன்பது ஆட்டத்தில் இரண்டு படைத்தள அணிகளுடன், இரண்டு ஒரே கல்லூரியுடன். முந்தின வருடம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பெரிய அணிகளோடு மோதியபோது கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் 7–13 என்றும், ஸ்டான்ஃபோர்டிடம் 7–55 என்றும் டான்ஸ் தோற்றிருந்தது. 1951-இல் அந்த இரண்டு அணிகளும் டான்ஸின் பட்டியலில் இல்லை. பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் அசோசியேட்டட் பிரஸ் இறுதித் தரவரிசையிலும் டான்ஸுக்குக் கிடைத்தது 14-ஆம் இடம்தான். டென்னசி முதலிடம், மேரிலாண்டு மூன்று, ஜார்ஜியா டெக் ஐந்து, பேலர் ஒன்பது. ஆரஞ்சு, சுகர் குழுக்கள் மட்டும் இருந்திருந்தால் இந்தக் காரணத்தை மறுக்கக் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

கேட்டர் பவுல்தான் அந்தக் காரணத்தைக் கெடுக்கிறது. மயாமி அதுவரை 7 வெற்றி, 3 தோல்வி. கிளெம்சன் 7 வெற்றி, 2 தோல்வி. இதில் கிளெம்சனை அழைப்பது லேசான விஷயமும் இல்லை. அது இருந்த சதர்ன் கூட்டமைப்பு அந்த ஆண்டு தன் அணிகள் பவுல் ஆடக் கூடாது என்று முடிவெடுத்திருந்தது. கிளெம்சனும் மேரிலாண்டும் அதை மீறிப் போய்த் தண்டனையும் வாங்கிக்கொண்டன. அந்தத் தகராறின் தொடர்ச்சியாக 1953-இல் புதிதாக ஒரு கூட்டமைப்பே பிறந்தது. சொந்தக் கூட்டமைப்பு ‘போகாதே’ என்று தடுத்த அணியைத் தேடிப் பிடித்து அழைக்க முடிந்த குழுவுக்கு, யாரும் தடுக்காத, தோல்வியே காணாத, நாட்டின் முதல் ஓட்டக்காரரை வைத்திருந்த அணி கண்ணில் படவில்லை. ‘எதிரணிகள் பலவீனம்’ என்ற விளக்கம் இந்த இடத்தில் என்னிடம் எடுபடவில்லை.

மூன்று குழுக்களுக்கும் இடையே கறுப்பின ஆட்டக்காரர்கள் உள்ள அணிகளை அழைப்பதில்லை என்ற எழுதப்படாத உடன்பாடு இருந்ததாக சான் பிரான்சிஸ்கோ விளையாட்டு ஒலிபரப்பாளர் ஒருவர் அப்போதே சொன்னார். ஆட்டக்காரர்களின் நினைவில் பதிந்ததும் அதுதான். மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று சேதி வந்தது. குஹாரிச் அதை அணியிடம் சொன்னார். பேச்சு அங்கேயே முடிந்தது. பிற்காலப் பேட்டிகளில் பலர் சொன்னதன் சாரம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுதான்.

தெற்கு முழுவதும் ஒரே மாதிரி இருந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. 1948 புத்தாண்டில் டாலஸின் காட்டன் பவுலில் பென் ஸ்டேட் அணி வாலஸ் டிரிப்லெட், டென்னி ஹாகர்டு என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களோடு ஆடியது. எதிரே இருந்தது டாலஸ் நகரத்துக் கல்லூரியே. இன்னும் கிட்டத்திலேயே உதாரணம் உண்டு. ஸ்டாக்டனில் டான்ஸிடம் 47–14 என்று தோற்ற அதே பசிபிக்கை, டெக்சாஸின் எல் பாசோவில் நடக்கும் சன் பவுல் அழைத்தது. பசிபிக் அணியில் எடி மேக்கன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். ஆக, ‘எங்கள் ஊர் வழக்கம், நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று எந்தக் குழுவாவது சொன்னால், டெக்சாஸில் முடிந்தது உங்களுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்க இடம் இருந்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு இன்னும் பல வருடம் ஆனது. 1956 சுகர் பவுலில் பிட்ஸ்பர்கின் கறுப்பின ஆட்டக்காரர் பாபி கிரியர் ஆட வந்தபோது எதிரணி மாநிலமான ஜார்ஜியாவின் ஆளுநர் மார்வின் கிரிஃபின், ஜார்ஜியா டெக் போகவே கூடாது என்று ஆர்ப்பாட்டம் செய்தார். ஆட்டம் நடந்தது. அந்த வருடமே லூசியானா மாநிலம் இரு இனத்தவரும் சேர்ந்து விளையாடுவதைத் தடை செய்து சட்டம் போட்டது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல 1959 வரை ஆனது.

மறுத்ததில் டான்ஸ் முதலும் இல்லை. 1946-இல் பென் ஸ்டேட், கறுப்பின ஆட்டக்காரர்களைக் கூட்டி வரக் கூடாது என்ற மயாமியுடனான ஆட்டத்தையே ரத்து செய்தது. 1950-இல் லாஸ் ஏஞ்சலஸின் லயோலா எல் பாசோவில் ஆடவிருந்த ஆட்டத்தை இதே காரணத்துக்காகக் கைவிட்டது. மறுபக்கம், இன்னொரு இயேசு சபைக் கல்லூரியான பாஸ்டன் கல்லூரி 1940 காட்டன் பவுலுக்கும் 1941 சுகர் பவுலுக்கும் லூ மாண்ட்கோமரி என்ற தன் கறுப்பின ஆட்டக்காரரை ஆட விடாமல்தான் போனது. பத்து வருடத்தில் ஏதோ மாறியிருந்தது. போர் ஒரு காரணம் என்று சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருமே இப்படி மாறிவிடவில்லை. மேட்சனும் டோலரும் மூன்று பருவம் அவர்களோடு உடைமாற்றும் அறையைப் பகிர்ந்தவர்கள், கார்னிங்கின் வெயிலில் கூடவே வெந்தவர்கள். எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வெள்ளைக்காரச் சகாக்களின் பெருந்தன்மையே முன்னால் நிற்கிறது. விலக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். தங்களால்தான் முப்பதுக்கு மேற்பட்ட நண்பர்களின் வாய்ப்பு போனது என்ற எண்ணத்தோடு வீடு போக வேண்டியவர்களும் அவர்கள் இருவர்தான். அவர்கள் பங்குக்கு யாரும் மெடல் குத்தவில்லை.

இனி அந்த ‘அதனால்’. அணியை நிறுத்தும் முடிவு கல்லூரித் தலைவர் ஃபாதர் வில்லியம் டன் காலத்தில் எடுக்கப்பட்டது. ஃபுட்பாலில் அந்த ஆண்டு விழுந்த துண்டு சுமார் 70,000 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களின் கட்டணத்தில் ஓடும் கல்லூரிக்கு இது பெரிய தொகை.

ஏன் விழுந்தது? முதலில், பக்கத்திலேயே புதுப் போட்டி. 49ers தொழில்முறை அணி 1946-இல் தொடங்கி, அதே கெசாரில் ஆடியது. 1950-இல் என்எஃப்எல்லில் சேர்ந்தது. சனிக்கிழமை கலிபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு போன்ற பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை கெசாரில் ஆடுவது அதுவரை கத்தோலிக்கக் கல்லூரிகளின் பழக்கம். இப்போது ஞாயிறும் போனது. டிக்கெட் வாங்குகிறவர் பணம் கொடுத்து நல்ல ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் தொழில்முறை அணியிடம் போனார். இரண்டாவது, விதி. எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்று 1941-இல் தளர்த்தினார்கள். விளைவாக, தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தற்காப்புக்கு ஒரு கூட்டம் என்று அணிகள் இரட்டித்தன. உதவித்தொகை, சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் இரட்டித்தன. 1953-இல் அந்த விதியைத் திரும்பப் பெற்றபோது செலவைக் குறைப்பது வெளிப்படையான ஒரு காரணம். டான்ஸுக்கு அது இரண்டு பருவம் தாமதம். மூன்றாவது, கொரியப் போர். படைக்கு ஆள் எடுப்பு மறுபடி சூடு பிடிக்க, ஆண்கள் கல்லூரிகள் தங்கள் மாணவர் எண்ணிக்கையை நினைத்து நடுங்கின. போர்வீரர் படிப்புச் சட்டத்தில் வந்த கூட்டமும் பட்டம் வாங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு பக்கம் கூடைப்பந்து. அதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். 1949-இலேயே பீட் நியூவல் பயிற்சியில் டான்ஸ் கூடைப்பந்து அணி நியூயார்க்கில் தேசிய அழைப்புப் போட்டியை வென்றிருந்தது. 1955, 1956 இரண்டு வருடமும் பில் ரசல் தலைமையில் அதே கல்லூரி தேசிய சாம்பியன் ஆனது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற ஃபாதர்களுக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது.

பவுல் பணம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா? இதற்குப் பக்கத்து வீடுகளைப் பார்த்தாலே போதும். விரிகுடாவுக்கு அப்பால் இருந்த செயின்ட் மேரிஸ் 1946 புத்தாண்டில் சுகர் பவுலே ஆடியது, அடுத்த வருடம் ஹியூஸ்டனில் ஆயில் பவுல். 1950 பருவத்தோடு ஃபுட்பாலை மூடியது. சாந்தா கிளாரா இன்னும் ஒரு படி மேலே: 1950 புத்தாண்டில் ஆரஞ்சு பவுலில் கென்டக்கியை 21–13 என்று ஜெயித்தது. 1952 பருவத்தோடு அதுவும் மூடியது. லயோலா, டான்ஸிடம் தோற்ற அந்த ஆட்டத்தோடு தானும் நிறுத்திக்கொண்டது. கிழக்கே ஜார்ஜ்டவுன் 1950-இல், ஃபோர்டம் 1954-இல். மூன்றே வருடத்தில் கலிபோர்னியாவின் நான்கு கத்தோலிக்கக் கல்லூரிகள் போய்விட்டன. அவற்றில் இரண்டு, டான்ஸுக்கு மறுக்கப்பட்ட அதே பவுல்களுக்குப் போய் வந்தவை. ஒரு பவுல் காசோலை அதிகபட்சம் இன்னொரு பருவத்தை வாங்கிக் கொடுத்திருக்கும். அந்தப் பருவத்தில் மேட்சன், மார்கெட்டி, டோலர், பிரவுன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்; எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

இப்படிப் பிரித்துச் சொல்வதால் பவுல் குழுக்களின் தவறு குறைந்துவிடாது. என் பார்வையில் கூடவே செய்கிறது. அணி மூடப்பட்டதை அவர்கள் தலையில் கட்டினால், கணக்குப் புத்தகத்தைக் காட்டி அவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். அழைக்காததை மட்டும் தனியாக வைத்துக் கேட்டால், மயாமியின் 7–3-தான் பதில் சொல்ல வேண்டும்.

மூடிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். குஹாரிச் 1952-இல் என்எஃப்எல்லின் சிகாகோ கார்டினல்ஸுக்குப் பயிற்சியாளராகப் போனார். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் அதே அணி மேட்சனை மூன்றாவது தேர்வாக எடுத்தது. அந்தக் கோடையில் மேட்சன் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும், 4×400 தொடரோட்டத்தில் வெள்ளியும் வாங்கிக்கொண்டுதான் ஃபுட்பாலுக்கு வந்தார். 1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஒன்பது பேருக்கு ஈடாக அவர் ஒருவரை வாங்கியது. அந்த பேரத்தை முடித்த மேலாளர் பீட் ரோசெல். மார்கெட்டி பால்டிமோர் கோல்ட்ஸின் தூண் ஆனார், பிறகு தன் பெயரில் ஹாம்பர்கர் கடைச் சங்கிலியே நடத்தினார். செயின்ட் கிளேருக்குப் படிப்பு பாக்கி இருந்ததால் டல்சாவுக்கு மாறி ஆடி, 49ers-க்குத் திரும்பினார், அதே கெசாருக்கு. பிற்பாடு டேலி சிட்டியின் மேயரும் ஆனார். மேட்சனும் மார்கெட்டியும் 1972-இல், செயின்ட் கிளேர் 1990-இல் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே கல்லூரியின் ஒரே பருவ அணியிலிருந்து மூன்று பேர்.

கல்லூரி 1959-இல் சிறிய அளவில் ஃபுட்பாலை மறுபடி தொடங்கி 1971-இல் நிறுத்தியது. 2006-இல் பழைய அணிக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

பர்ல் டோலரின் வழி வேறு. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. 1952-இல் சிகாகோவில் நடந்த கல்லூரி ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, நகரத்தின் முதல் கறுப்பின நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆனார். 1965-இல் கமிஷனர் ரோசெல் காலத்தில் என்எஃப்எல் அவரை நடுவர் குழுவில் எடுத்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக் எதிலும் அதற்கு முன் கறுப்பின நடுவர் இருந்ததில்லை. 1980-இல் சூப்பர் பவுலில் நடுவராக நின்றார். 2009-இல் காலமானார். 2017-இல் பல்கலைக்கழகம் தன் மாணவர் விடுதி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. அதுவரை அந்தக் கட்டடத்தில் இருந்த பெயர் ஜேம்ஸ் ஃபீலன். 1920-இல் ‘கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்’ என்று தேர்தல் பிரசாரம் செய்த செனட்டர்.